படம் கருவிக்கு, எழுத்து நமக்கு

சென்ற கல்வியாண்டில் ஒரு நாள், மதிய உணவு இடைவேளை. எங்கள் நடுநிலைப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை, ஒரு சொல்வதெழுதுதல் நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார்.

"டீச்சர், இதைக் கொஞ்சம் பாருங்க. கொடின்னு சொன்னா 'கெடி'ன்னு எழுதியிருக்கா. பொம்மை, 'பெம்மை'. போன மாசம் வரைக்கும் சரியாத்தான் எழுதினா."

"கால் போட மறந்திருப்பா டீச்சர். ரெண்டு தடவை எழுதச் சொன்னா சரியாயிடும்" என்றேன்.

"ஒரு பிள்ளைன்னா பரவாயில்ல. நாலு பேர் இப்படி எழுதறாங்க."

இருவரும் வகுப்புக்குப் போனோம். அந்தச் சிறுமியை அழைத்து, "ஏம்மா, கொடிக்குக் கால் போடலை?" என்று கேட்டோம். அவள் தயங்கவே இல்லை. சுவரைக் காட்டினாள். "அங்க மீன்கொத்திக்கும் கால் இல்லையே டீச்சர்."

சுவரில் தொங்கியது நான் செய்து கொடுத்த பறவைகள் ஃபிளெக்ஸ்.

நான் 6 முதல் 8 வரை அறிவியல் நடத்துபவள். கணினியில் கொஞ்சம் கை பழகியிருப்பதால் தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் சார்ட், பெயர் அட்டை என்று எது வேண்டுமானாலும் என்னிடம் கேட்பார்கள். அந்தப் பறவைகள் படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் உருவாக்கினேன். பன்னிரண்டு பறவைகள், கீழே தமிழ்ப் பெயர்கள். ஒரே மாலையில் முடிந்தது. அலைபேசியில் பார்த்தபோது அழகாக இருந்தது. சொந்தப் பணத்தில் ஃபிளெக்ஸ் அடித்து மாட்டினோம். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்.

இப்போது அருகில் போய்ப் பார்த்தேன். 'கொ' வரும் இடங்கள் மூன்று. மீன்கொத்தியிலும் மரங்கொத்தியிலும் கொம்பு இருக்கிறது, கால் இல்லை. கொக்கில் கால் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி போல ஒரு துளி. 'தூக்கணாங்குருவி'யின் நடுவில் இருந்ததோ, நம் 247 எழுத்துகளில் எதுவும் இல்லை. ஆறு வாரம் அது அந்தச் சுவரில் தொங்கியிருக்கிறது.

அந்தப் பிழை எப்படி வந்தது, ஏன் நம் கண்ணில் படவில்லை, மறுபடி வராமலிருக்க என்ன செய்யலாம் என்று பிறகு நான் படித்தும் செய்தும் தெரிந்துகொண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

நாம் ஏன் பார்க்கவில்லை?

அந்த ஃபிளெக்ஸைத் தலைமையாசிரியர் பார்த்தார், நான்கு ஆசிரியர்கள் பார்த்தோம், பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்களும் பார்த்தார்கள். ஒருவரும் பிழையைச் சொல்லவில்லை. கவனக்குறைவு என்று மட்டும் இதைத் தள்ளிவிட முடியாது. சரளமாக வாசிப்பவர் ஒவ்வோர் எழுத்தையும் நின்று பார்ப்பதில்லை. நீல நிறப் பறவையும், கீழே 'மீன்' என்ற தொடக்கமும் கண்ணில் பட்டதுமே மனம் 'மீன்கொத்தி' என்று முடித்துவிடுகிறது. விடைத்தாளில் பிழை பிடிக்கும் நம் கண், நாமே செய்த சார்ட்டில் ஏமாறுவது இதனால்தான்.

எழுத்தைக் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அந்த வசதி இல்லை. அது கொம்பைப் பார்க்கிறது, காலைப் பார்க்கிறது, புள்ளியை விரலால் தொட்டுப் பார்க்கிறது. சுவரில் இருப்பதைச் சரியென்றே நம்புகிறது. எண்ணும் எழுத்தும் வகுப்பறையில் சுவரும் ஒரு பாடநூல். பாடநூலில் அச்சுப்பிழை வந்தால் திருத்தம் வெளியிடுவோம். சுவரில் வரும் பிழைக்கு யார் திருத்தம் வெளியிடுவது?

அந்தச் சிறுமி தவறாகக் கற்றாள் என்றும் சொல்ல முடியாது. மீன்கொத்தியில் கண்டதைக் கொடிக்கும் பொம்மைக்கும் பொருத்திப் பார்த்திருக்கிறாள். ஒரு விதியைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தியிருக்கிறாள். நாம் எதிர்பார்ப்பதும் அதைத்தானே? அவள் கற்ற முறை சரி, நான் கொடுத்த பாடப்பொருள்தான் தவறு.

கருவி எழுதுவதில்லை, வரைகிறது

நாம் கணினியில் 'க' விசையைத் தட்டும்போது கணினி அந்த எழுத்துக்குரிய எண்ணைப் பதிவு செய்கிறது. எழுத்துரு என்ற கோப்பிலிருந்து அதற்குரிய வடிவத்தை எடுத்துத் திரையில் காட்டுகிறது. எழுத்துரு சரியாக இருந்தால் எத்தனை முறை தட்டினாலும் அதே 'க'தான் வரும்.

படம் உருவாக்கும் செயலிகள் பெரும்பாலும் இப்படி வேலை செய்வதில்லை. அவை எழுத்துருவைத் தொடுவதே இல்லை. 2022இல் பரவலாகத் தெரியவந்த டால்-ஈ 2, ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்றவற்றின் முறை இதுதான்: பழைய தொலைக்காட்சியில் ஒளிபரப்பு நின்றபின் தெரியும் புள்ளிமழை போன்ற ஒரு குழப்பத்தில் தொடங்கி, நாம் கொடுத்த வருணனைக்குப் பொருந்தும்படி படிப்படியாக அந்தக் குழப்பத்தை விலக்கிக்கொண்டே போவது. கோடிக்கணக்கான படங்களையும் அவற்றின் குறிப்புகளையும் பார்த்து, 'இந்தச் சொல் வந்தால் படம் ஏறத்தாழ இப்படி இருக்கும்' என்று அவை பழகியிருக்கின்றன. மரமும் அப்படித்தான் வருகிறது, பறவையும் அப்படித்தான், எழுத்தும் அப்படித்தான்.

எழுதப் படிக்கத் தெரியாத, ஆனால் கை தேர்ந்த ஓர் ஓவியரை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரெங்கும் பெயர்ப்பலகைகளைப் பார்த்திருக்கிறார். 'ஒரு கடைப் பலகை வரையுங்கள்' என்றால் எழுத்துப் போலவே தோன்றும் வளைவுகளைப் போட்டுவிடுவார். தூரத்திலிருந்து பார்த்தால் தமிழ்தான். அருகில் போனால் படிக்க முடியாது. படம் உருவாக்கும் செயலியும் அப்படித்தான் எழுதுகிறது.

மரம் வரைவதில் இது குறையாகத் தெரியாது. கிளையில் நான்கு இலை கூடினாலும் குறைந்தாலும் மரம் மரம்தான். எழுத்து அப்படியல்ல. 'கல்' என்பதில் ஒரு புள்ளி போனால் 'கல'. 'கொடு' என்பதில் கால் போனால் 'கெடு'. படத்தில் ஏறத்தாழச் சரி என்பது போதும். எழுத்தில் அது பிழை.

அளவும் ஒரு காரணம். ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்பு 512க்கு 512 படப்புள்ளிகள் கொண்ட படத்தை 64க்கு 64 கட்டங்களாகச் சுருக்கி வைத்துக்கொண்டு வேலை செய்தது. அதாவது எட்டுக்கு எட்டுப் படப்புள்ளிகள் சேர்ந்து ஒரே கட்டம். பெரிய எழுத்தில் தலைப்பு வரைந்தால் ஓரளவு தாங்கும். படத்தின் மூலையில் சிறிய பெயர் எழுதச் சொன்னால், மெய்யெழுத்தின் புள்ளி ஒரு கட்டத்தைக்கூட நிரப்பாது. என் ஃபிளெக்ஸில் தலைப்பு சரியாக இருந்து, பறவைகளின் பெயர்கள் கெட்டுப்போனதன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

தமிழுக்கு ஏன் கூடுதல் சிக்கல்?

முதல் காரணம், கருவி பார்த்துப் பழகிய படங்கள். இத்தகைய செயலிகளைப் பழக்கப் பயன்பட்ட, பொதுவெளியில் இருந்த மிகப் பெரிய தொகுப்புகளில் ஒன்று 2022இல் வெளியான லயான்-5பி. வெளியானபோது அதில் 585 கோடி படங்களும் அவற்றின் குறிப்புகளும் இருந்தன. ஆங்கிலக் குறிப்பு உள்ளவை மட்டும் 232 கோடி. மீதியில் ஒரு பகுதியைத்தான் மற்ற நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் பங்கிட்டுக்கொண்டன. தமிழ் எழுத்து தெளிவாகத் தெரியும் படங்கள் அதில் எத்தனை சிறிய பங்காக இருக்கும் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது காரணம், சொல் கருவிக்குள் நுழையும் விதம். நாம் 'மீன்கொத்தி' என்று எழுதினால் நமக்கு அது மீ, ன், கொ, த், தி என்ற ஐந்து எழுத்து. ஒருங்குறியில் இவை ஒவ்வொன்றும் இரண்டு குறிகளாகப் பதிவாவதால் அது பத்துக் குறி. இணையத்தில் பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் வேண்டும். ஆக முப்பது பைட். இதே பறவையின் ஆங்கிலப் பெயரான 'கிங்ஃபிஷர்' ஆங்கில எழுத்தில் பத்தே பைட்டில் முடிந்துவிடுகிறது. கருவி இவற்றைத் தனக்கு வசதியான துண்டுகளாக வெட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லே ஒரு துண்டாக அமைவதுண்டு. தமிழ்ச் சொல்லோ பல சிறு துண்டுகளாகச் சிதறிப் போகலாம். 'கொ' என்று நாம் ஒன்றாகப் பார்ப்பதை அது ஒன்றாகப் பார்க்கும் என்பதற்கு உறுதி இல்லை.

ஆங்கிலத்திலும் இந்தச் சிக்கல் இருந்திருக்கிறது. சொல்லை மொத்தமாகப் பார்க்கும் மொழிமாதிரிக்குப் பதிலாக, எழுத்தெழுத்தாகப் பார்க்கும் மொழிமாதிரியை இணைத்தால் படத்திலுள்ள எழுத்துப்பிழைகள் குறைகின்றன என்று கூகுள் ஆய்வாளர்கள் 2022 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வொன்று காட்டியது. எழுத்துக்கூட்டத் தெரியாமல் சொல்லை உருவமாக மனப்பாடம் செய்த குழந்தை புதுச் சொல்லில் தடுமாறுவதை நாம் வகுப்பில் தினமும் பார்க்கிறோம். அதே கதைதான்.

மூன்றாவது காரணம், நம் எழுத்தின் அமைப்பு. 'கெ' என்பதில் கொம்பு மெய்க்கு முன்னால் நிற்கிறது. 'கொ' என்பதில் கொம்பு முன்னால், கால் பின்னால். ஆனால் கணினியின் பதிவில் 'க' முதலில், உயிர்க்குறி பிறகு. பதிவிலுள்ள வரிசையைக் கண்ணுக்குரிய வரிசையாக மாற்றும் வேலையை எழுத்துருவும் அதோடு இயங்கும் மென்பொருளும் செய்கின்றன. படம் உருவாக்கும் செயலிக்கு அந்த உதவி இல்லை. கொம்பு எங்கே, கால் எங்கே என்று அதுவே பழகியிருக்க வேண்டும்.

இந்தப் பிழைகளைத் தேடிப் பார்த்ததில் நான் அடிக்கடி கண்டவை இவை: கொம்பு இருந்து கால் இல்லாமை, ஒற்றைக் கொம்பும் இரட்டைச் சுழிக் கொம்பும் மாறுதல், மெய்யின் புள்ளி காணாமல் போதல், அல்லது வேண்டாத எழுத்தின் மேல் ஏறுதல், காலும் 'ர'வும் ஒன்றுபோல் வருதல், ன-ண சுழி எண்ணிக்கை மாறுதல், நடுவில் மலையாள எழுத்தின் சாயலில் ஒரு வளைவு. தொடக்க வகுப்புகளில் நாம் பிள்ளைகளோடு போராடும் இடங்களும் பெரும்பாலும் இவைதான்.

"இப்போது நன்றாக வருகிறதே?"

இந்த அனுபவத்தை ஒரு பயிற்சியில் சொன்னபோது சக ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "அதெல்லாம் பழைய கதை டீச்சர். இப்ப வர்றதுல தமிழும் சரியா வருதே?"

உண்மைதான். 2023இல் வந்த ஐடியோகிராம், டால்-ஈ 3 ஆகியவற்றிலேயே ஆங்கில எழுத்து பெரிதும் மேம்பட்டது. 2025 மார்ச்சில் சாட்ஜிபிடியில் சேர்ந்த புதிய பட உருவாக்கத்துக்குப் பின் நீண்ட ஆங்கில வாசகங்களும் படிக்கும்படி வருகின்றன. தமிழிலும் சிறிய சொற்கள் பல முறை சரியாகவே வருகின்றன. வரும் ஆண்டுகளில் இன்னும் மேம்படும்.

ஆனாலும் என் கவலை குறையவில்லை, சற்றுக் கூடியிருக்கிறது. முற்றிலும் தப்பான எழுத்தை எவரும் சுவரில் மாட்டமாட்டார்கள். பத்துச் சொல்லில் ஒன்பது சரியாக இருக்கும்போதுதான் பத்தாவது நம் கண்ணிலிருந்து தப்பிவிடுகிறது. கருவி மேம்பட மேம்பட நம் கண் ஓய்வெடுக்கத் தொடங்கும். ஓய்வெடுக்காதது குழந்தையின் கண் மட்டுமே.

படத்தையும் எழுத்தையும் பிரித்து வைக்கும் முறை

இப்போது எங்கள் பள்ளியில் ஒரே விதி: படத்தைக் கருவியிடம் கேட்போம், எழுத்தை நாமே தட்டச்சு செய்வோம். செய்யும் முறை இது.

ஒன்று: எழுத்து இல்லாத படத்தைக் கேளுங்கள். 'எழுத்து வேண்டாம்' என்று மட்டும் சொன்னால், 'எழுத்து' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு எதையாவது கிறுக்கிவிடும் செயலிகளும் உண்டு. வேண்டியதை வருணிப்பது நல்லது. நான் கொடுத்த கட்டளை ஒன்று: "ஆற்றங்கரை மரக்கிளையில் ஒரு வெண்மார்பு மீன்கொத்தி. பக்கவாட்டுத் தோற்றம். நீல முதுகு, பழுப்புத் தலை, வெள்ளைக் கழுத்து, சிவந்த நீண்ட அலகு. பின்னணி எளிமையாக. படத்தின் கீழ்ப்பகுதியில் ஐந்தில் ஒரு பங்கு வெறும் வெள்ளைப் பட்டை." அந்த வெள்ளைப் பட்டைதான் நம் எழுத்துக்கான இடம். காட்சியில் கடையோ பேருந்தோ வந்தால் 'வெற்றுப் பலகை' என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: ஒரு படத்தில் ஒரு பொருள் போதும். பன்னிரண்டு பறவைகளை ஒரே படத்தில் கேட்டால் ஒன்றின் நிறம் இன்னொன்றின் மேல் ஏறும். தனித்தனியாக எடுத்துப் பின்னர் அடுக்குங்கள். படத்தின் உண்மையையும் சரிபாருங்கள். மூன்று கால் கொக்கு எனக்கு வந்திருக்கிறது. அறிவியல் வரைபடம் என்றால் பாடநூலோடு ஒப்பிட்ட பிறகே பயன்படுத்துங்கள். நிலப்படத்தை இப்படி உருவாக்கவே வேண்டாம். அதற்குப் பாடநூலும் இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்களும் இருக்கின்றன.

மூன்று: எழுத்தைத் தனியாகச் சேருங்கள். கணினியில் பவர்பாயிண்ட் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ் போதும். படத்தை உள்ளே வைத்து, மேலே எழுத்துப் பெட்டியைத் திறந்து தட்டச்சு செய்யுங்கள். அலைபேசியிலேயே செய்பவர்கள் கேன்வா போன்ற செயலிகளைப் பயன்படுத்தலாம்.

நான்கு: ஒருங்குறி எழுத்துருவையே பயன்படுத்துங்கள். தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியைத் தர முறையாக ஏற்றுவிட்டது. நம்மில் பலர் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் பழகியவர்கள். அவற்றில் தட்டியதை வேறு கணினியில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளாக மாறிவிடும். விண்டோஸிலேயே உள்ள நிர்மலா, இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை தெளிவானவை. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை அலங்கார எழுத்துரு வேண்டாம். புதிய எழுத்துரு எதையும் பயன்படுத்தும் முன் கொ, கோ, கௌ, ணை, ஞூ, றா ஆகியவற்றைத் தட்டிப் பாருங்கள். பாடநூலில் உள்ள வடிவம் வந்தால் எடுத்துக்கொள்ளலாம். தடித்த எழுத்தில் புள்ளிகள் அடுத்த வரியோடு ஒட்டுகின்றனவா என்றும் பாருங்கள்.

ஐந்து: அச்சகத்துக்குப் பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். திருத்தக்கூடிய கோப்பாகக் கொடுத்தால், அங்கே நம் எழுத்துரு இல்லாதபோதோ மென்பொருள் பழையதாக இருக்கும்போதோ கொம்பு இடம் மாறிவிடும். செயற்கை நுண்ணறிவு வருவதற்கு முன்பே ஃபிளெக்ஸ் பலகைகளில் நாம் பார்த்த பிழைதான் அது.

இந்த முறையில் நான் எதிர்பாராத ஒரு பயனும் கிடைத்தது. எழுத்து தனியாக இருப்பதால் ஒரே படம் பல வகுப்புக்கு உதவுகிறது. முதல் வகுப்புக்குப் பெயர் மட்டும், மூன்றாம் வகுப்புக்கு ஒரு வாக்கியம், ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலப் பெயர், மதிப்பீட்டுக்கு வெற்றுப் பட்டை. முன்பு ஒவ்வொன்றுக்கும் புதிய படம் தேவைப்பட்டது.

படத்துக்குள்ளேயே எழுத்து வேண்டும் என்றால்

விழா அழைப்பிதழ், நாடகத்துக்கான பதாகை போன்றவற்றில் படத்தோடு கலந்த எழுத்து அழகாக இருக்கும். அப்போது சில வழிகள் உதவுகின்றன. சொல் ஒன்றோ இரண்டோ இருக்கட்டும், நீண்ட வாக்கியம் வேண்டாம். சொல்லை மேற்கோள்குறிக்குள் கொடுங்கள். எங்கே, எவ்வளவு பெரிதாக வர வேண்டும் என்று சொல்லுங்கள். நான்கைந்து படங்கள் எடுத்து அதில் சரியானதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு சொல் மட்டும் பிழையென்றால் மொத்தப் படத்தையும் மறுபடி கேட்காதீர்கள். சரியாக இருந்த மற்றொரு சொல் அடுத்த படத்தில் கெட்டுப்போகலாம். அந்த இடத்தை மட்டும் அழித்து நாமே தட்டச்சு செய்வது விரைவானது.

முதல் மூன்று வகுப்புகளின் சுவருக்குப் போகும் எதிலும் இந்த வழியை நான் பயன்படுத்துவதில்லை.

மாட்டும் முன் பார்க்கும் முறை

எழுத்தைப் பின்னாலிருந்து முன்னால் படியுங்கள். 'தி, த், கொ, ன், மீ' என்று படித்தால் மனம் சொல்லை முடித்துவைக்க முடியாது. ஒவ்வோர் எழுத்தையும் பார்த்தே ஆக வேண்டும். அலைபேசித் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏ4 தாளில் ஒரு கறுப்பு வெள்ளைப் படி எடுத்து, பேனாவால் ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போங்கள். படத்தைச் செய்யாத ஒருவரிடம் கொடுங்கள். செய்தவர் கண் ஏமாறும். அலைபேசியில் எழுத்தைப் படித்துச் சொல்லும் செயலிகளை மட்டும் நம்ப வேண்டாம். அவையும் நம்மைப் போலவே ஊகித்துப் பிழையைச் சரியாகப் படித்துவிடக்கூடும்.

இதற்கெல்லாம் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை நான் மிச்சம் பிடித்ததற்கான விலையை இரண்டாம் வகுப்பு ஆசிரியை மூன்று வாரம் கட்டினார். ஒரு பிள்ளைக்குப் புதிதாக ஓர் எழுத்தைக் கற்றுக்கொடுப்பதைவிட, கற்றதை மறக்கச் செய்வது கடினம் என்று நம் எல்லாருக்கும் தெரியும்.

மேல்வகுப்பில் ஒரு பிழை வேட்டை

கழற்றிய ஃபிளெக்ஸை எறிந்துவிடவில்லை. எட்டாம் வகுப்பில் தரையில் விரித்தேன். "இதில் எத்தனை பிழை? என்ன வகைப் பிழை?" குழுக்களாகப் பிரிந்து தேடினார்கள். நான் ஏழு கண்டுபிடித்திருந்தேன். அவர்கள் பதினொன்று கண்டார்கள். மயங்கொலி, ஒற்று, உயிர்க்குறி என்று வகைப்படுத்திக் கரும்பலகையில் எழுதினார்கள். 'கருவி ஏன் இப்படிச் செய்தது?' என்ற கேள்வியிலிருந்து, அது எழுத்தைப் படிப்பதில்லை என்ற இடத்துக்கு அவர்களே வந்து சேர்ந்தார்கள். ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், எழுத்தே இப்படின்னா, அது சொல்ற பதில் மட்டும் சரியா இருக்குமா?" நான் எழுதி வைத்திருந்த பாடத்திட்டத்தில் அந்தக் கேள்வி இல்லை. அடுத்த இரண்டு பாடவேளையும் அதற்கே போனது.

எழுத்து உறுதிப்பட்ட ஆறாம் வகுப்புக்கு மேலேயே இந்தச் செயல்பாடு ஏற்றது. சிறு வகுப்புகளில் பிழையான வடிவத்தைக் காட்டிப் பழக்க வேண்டாம். செயலியை ஆசிரியரே இயக்குங்கள். பிள்ளைகளின் புகைப்படங்களை இத்தகைய செயலிகளில் ஏற்றாதீர்கள்.

முடிவாக ஒன்று

புதிய பறவைகள் படம் இப்போது அதே சுவரில் இருக்கிறது. அதை அச்சிட இரண்டு வாரம் தள்ளிப்போனது. அதுவரை, எழுத்தே இல்லாத படங்களை ஒட்டி, கீழே இரண்டாம் வகுப்பு ஆசிரியை தன் கையால் எழுதிய அட்டைகளை வைத்திருந்தார். உண்மையைச் சொன்னால், அந்தக் கையெழுத்து அட்டைகளையே பிள்ளைகள் அதிகம் தொட்டுப் படித்தார்கள்.

அடுத்ததாக ஊர்வன படம் செய்தேன். எல்லாவற்றையும் நானே தட்டச்சு செய்தேன், பின்னாலிருந்தும் படித்தேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஏ4 படியை அந்தச் சிறுமியிடம் நீட்டினேன். விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"டீச்சர், ஓணானுக்கு மூணு சுழி. நீங்க ரெண்டுதான் போட்டிருக்கீங்க."

குனிந்து பார்த்தேன். 'ஓனான்' என்றுதான் இருந்தது. இந்த முறை தவறு கருவியுடையதல்ல, என்னுடையது. திருத்தினேன். அன்றிலிருந்து எங்கள் பள்ளியில் தொடக்க வகுப்புக்கான எந்தப் படமும், அதைப் படிக்கப்போகும் வகுப்பிலேயே ஒரு பிள்ளை விரல் வைத்துப் படித்த பிறகுதான் அச்சுக்குப் போகிறது.